லூயிஸுக்கு ஏன் நவீன கவிதை ஆகவில்லை: காவிரிக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

1954 டிசம்பரில் லண்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை இதழில் ஒரு கவிதை வந்தது. எழுதியவர் புனைபெயரில் ஒளிந்திருந்தார். நான் ரொம்ப முரட்டு ஆள், கவிஞர்கள் பார்ப்பதெல்லாம் என் கண்ணில் படுவதில்லை என்று பணிவாக ஆரம்பிக்கிறார். இருபது வருடமாக முறைத்து முறைத்துப் பார்க்கிறேன், எந்த மாலைப்பொழுதும் மயக்க மருந்து கொடுத்து மேசையில் கிடத்திய நோயாளி மாதிரி எனக்குத் தெரியவில்லை என்கிறார். பணிவு முழுக்க நக்கல். குத்து, ஆங்கில நவீன கவிதையின் முன்னணிக் கவிஞர் டி. எஸ். எலியட்டுக்கு. 1915-ல் அச்சான அவருடைய 'புரூஃபிராக்' கவிதையின் மூன்றாவது வரியிலேயே அந்த நோயாளி வந்துவிடுகிறார்.

புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் சி. எஸ். லூயிஸ். நார்னியா கதைகளால் குழந்தைகளுக்கும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிபிசி வானொலிப் பேச்சுகளால் பெரியவர்களுக்கும் தெரிந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். கிறிஸ்தவ இறையியலைச் சாதாரண வாசகனுக்கு எடுத்துச் சொன்னதில் கடந்த நூற்றாண்டில் அவருக்கு இணையாக அதிகம் பேர் இல்லை.

கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த இருவரும் பழக்கம். எலியட் பாடத்தில் வருவார், மில்டனைப் புரிந்துகொள்ள லூயிஸ் கைகொடுப்பார். இரண்டு பேரும் ஆழ்ந்த கிறிஸ்தவர்கள், ஒரே ஆங்கிலிகன் சபை. அப்படியிருக்க ஒருவருக்கு மற்றவரின் கவிதை ஏன் இவ்வளவு கசந்தது? லூயிஸ் தன் எதிர்ப்புக்கு இறையியலையே காரணமாகக் காட்டினார் என்பதால் இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. கிறிஸ்தவத் தமிழின் பிடிவாதமான மரபுக் கவிஞர் ஒருவரும், தமிழ்ப் புதுக்கவிதையின் முதல் ஆளும் இந்தக் காவிரிப் படுகையில்தான் எழுதினார்கள் என்பதால் நமக்கு இதில் கூடுதல் அக்கறையும் இருக்கிறது.

இலக்கிய நவீனத்துவம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முதல் உலகப் போரை ஒட்டி ஐரோப்பிய எழுத்தில் கதையின் தொடர்ச்சி உடைந்தது, யாப்பு தளர்ந்தது, மனம் ஓடும் போக்கே வடிவமானது, வாசகனுக்கு உடனே புரியவேண்டும் என்ற கடமை கைவிடப்பட்டது. எலியட்டின் 'பாழ்நிலம்' வெளிவந்த 1922 அதன் உச்சம். அந்தக் கவிதை கடைசியில் பிரகதாரண்யக உபநிஷத்தின் 'தத்த, தயத்வம், தம்யத' வரைக்கும் வந்து நிற்கும்.

லூயிஸின் எதிர்ப்பில் முதலில் கவனிக்கவேண்டியது அதன் காலவரிசை. 1926-ல் அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு குறும்பு வேலைக்குத் திட்டமிட்டார்கள். அர்த்தமில்லாத நவீன கவிதைகளை வேண்டுமென்றே எழுதி, எலியட் நடத்திய 'கிரைட்டீரியன்' இதழுக்கு அனுப்புவது, அவர் ஏமாந்து அச்சிட்டால் ஊர் சிரிக்கச் செய்வது. அதே ஆண்டு லூயிஸின் 'டைமர்' என்ற நீண்ட கதைக்கவிதை நூலாக வந்து, கேட்பாரில்லாமல் போனது. பெரிய கவிஞராக வேண்டும் என்பதுதான் இளமையில் அவருடைய ஆசை. ஆனால் அப்போது அவர் கிறிஸ்தவர் அல்ல. நண்பர்கள் டோல்கீனோடும் ஹியூகோ டைசனோடும் ஓர் இரவு முழுக்கப் பேசி, அதன் பிறகு விசுவாசத்துக்கு வந்தது 1931 செப்டம்பரில். ஆக, வெறுப்பு முதலில் வந்தது, இறையியல் பின்னால் வந்தது. லூயிஸின் அபிமானிகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

சரி, அப்படியானால் இறையியல் வெறும் சாக்கா? அதுவும் இல்லை. முப்பதுகளில் அந்த வெறுப்பு ஒரு வாதமாக மாறியது. அதற்குக் காரணம் அவர் சேர்ந்த விசுவாசம்தான்.

1939-ல் நூலில் சேர்ந்த 'கிறிஸ்தவமும் இலக்கியமும்' என்ற கட்டுரையை அந்த வாதத்தின் அஸ்திவாரம் என்று சொல்லலாம். நம் காலத்து விமரிசனம் எதையெல்லாம் புகழ்கிறது என்று முதலில் கேட்கிறார். தனித்தன்மை, சுயமான படைப்பு, மரபை உடைத்தல், கட்டற்ற தன்னெழுச்சி. புதிய ஏற்பாட்டைத் திறந்தால் அங்கே புகழப்படுவது இதற்கு நேர் எதிர். யோவான் சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசுவே, பிதா செய்யக் காண்பதையன்றிக் குமாரன் தாமாக எதுவும் செய்வதில்லை என்கிறார். தேவகுமாரனுக்கே நிலை இதுவென்றால் எழுத்தாளனுக்குச் சுயமான மூலம் எங்கிருந்து வரும்? பவுலின் நிருபங்களிலும் விசுவாசி கிறிஸ்துவின் சாயலைப் பெறுகிறவன், பிரதிபலிக்கிறவன். இல்லாததிலிருந்து உண்டாக்குவது கடவுளின் வேலை மட்டும். மனிதன் இருப்பதை எடுத்து அடுக்குகிறான், ஏற்கனவே உள்ள அழகையும் ஞானத்தையும் தன் கைத்திறனில் பிடித்துக் காட்டப் பார்க்கிறான். இதுதான் லூயிஸ் போடும் எல்லை. உலகில் இல்லாத ஒன்றைத் தான் கொண்டுவந்தேன் என்று நினைக்கும் எழுத்தாளன், அவர் கணக்கில், இலக்கியப் பிழை மட்டும் செய்யவில்லை. ஆதாமின் அகந்தையைத் திரும்பச் செய்கிறான்.

அதே 1939-ல் வந்த இன்னொரு நூல், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டில்யார்டோடு அவர் நடத்திய விவாதம். கவிதை என்பது கவிஞனின் மனதைக் காட்டும் ஜன்னல் என்ற கருத்தை லூயிஸ் அதில் அடித்து நொறுக்குகிறார். கவிஞன் 'என்னைப் பார்' என்பவன் அல்ல, 'அதோ பார்' என்று விரல் நீட்டுபவன், நாம் பார்க்கவேண்டியது அந்த விரலையல்ல என்கிறார். டில்யார்டு சும்மா இருக்கவில்லை, நன்றாகவே பதில் கொடுத்தார். இருந்தாலும் நூலில் நினைவில் நிற்பது லூயிஸின் விரல்தான்.

மூன்றாவது கட்டம் 1942-ல் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்துக்கு அவர் எழுதிய முன்னுரை நூல். எனக்கு அவர் விமரிசன நூல்களில் மிகவும் பிடித்தது இதுதான். மில்டனின் செல்வாக்கு ஆங்கிலக் கவிதையைக் கெடுத்தது என்று எலியட் 1936-ல் எழுதியிருந்தார். லூயிஸ் மில்டனுக்கு வக்காலத்து வாங்கப் போய், அதைவிடப் பெரிய ஒன்றுக்கு வக்காலத்து வாங்கினார். மரணம் கசப்பு, காதல் இனிமை, துரோகம் அருவருப்பு என்று எல்லோரும் எதிர்பார்க்கும் உணர்ச்சிகளைக் கவிதை மீண்டும் மீண்டும் சொல்வதை நவீன விமரிசகர்கள் தேய்ந்த எதிர்வினை என்று ஒதுக்கினார்கள். லூயிஸ் சொல்கிறார்: அந்த எதிர்வினை மனிதனுக்கு இயல்பாக வருவதில்லை. பல தலைமுறை பழகிப் பழகிச் சேர்த்த நிதானம் அது, சுலபமாகக் கைநழுவிவிடும். பழைய கவிதையின் சடங்குத்தன்மைதான் அதைக் காப்பாற்றித் தருகிறது.

இதற்கு அடியில் ஜென்ம பாவக் கோட்பாடு இருக்கிறது என்பது கொஞ்சம் யோசித்தால் தெரியும். மனித மனம் பிறவியிலேயே கோணல் என்றால், அந்த மனம் தன் போக்கில் என்ன உணர்கிறதோ அதை அப்படியே எழுதுவது நேர்மையாக இருக்கலாம், நல்லதாக இருக்கவேண்டியதில்லை. மனதை நிமிர்த்த வெளியிலிருந்து ஒரு வடிவம் வேண்டும். ஆராதனையில் ஜெபப் புத்தகம் செய்வதைக் கவிதையில் யாப்பும் மரபும் செய்கின்றன.

டெல்டா கிராமங்களில் சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது புரிய நேரம் ஆகாது. பொன்னும் தேரும் மாளிகையும் வரும் அந்த வரிகள் யாரோ எப்போதோ கட்டியவை. இறந்தவர் வீட்டில் குதிரையும் கிடையாது, யானையும் கிடையாது. ஆனால் பாடுகிற பெண்ணின் அழுகையில் பொய் இல்லை. தன் துக்கத்துக்குப் புதிதாக ஒரு மொழி கண்டுபிடிக்கச் சொன்னால் அவர் பாடவே மாட்டார். பழைய வரி இருப்பதால்தான் புதிய துக்கம் வெளியே வருகிறது.

இதெல்லாம் லூயிஸின் பலம். பலவீனம் எலியட்டை அவர் வாசித்த விதத்தில் இருக்கிறது. எலியட் 1927-ல் ஞானஸ்நானம் பெற்று ஆங்கிலிகன் சபையில் சேர்ந்தார். அதற்கும் எட்டு வருடம் முன்னால், 1919-ல், 'மரபும் தனித்திறனும்' கட்டுரையில், கவிதை என்பது ஆளுமையை வெளியிடுவது அல்ல, ஆளுமையிலிருந்து தப்புவது என்று எழுதிவிட்டார். டில்யார்டோடு லூயிஸ் போட்ட சண்டையில் எலியட் லூயிஸின் கட்சியில் உட்கார்ந்திருக்கவேண்டியவர்! மரபில்லாமல் கவிஞன் இல்லை என்றதும் எலியட்தான். லூயிஸ் இதைக் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. 1933-ல் வெளிவந்த 'யாத்ரீகனின் பின்னோக்கிய பயணம்' என்ற உருவகக் கதையில், எலியட் வகைக் கிறிஸ்தவர்களை வடக்குக் குளிரில் விறைத்த முகத்தோடு வாழும் ஆளாக வரைந்தார். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் திருப்பிப் போட்ட நூல் அது. அதே பனியனைத்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை திருநெல்வேலியில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாக்கினார். பனியன் இங்கே கம்பன் வழியில் வந்தார், அங்கே கேலிச் சித்திரமாகப் போனார்.

இருவருக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படிப் பார்க்கிறேன். லூயிஸ் படைப்பின் இறையியலிலிருந்து எழுதுகிறார்: உலகம் நல்லது, அதில் அர்த்தம் ஏற்கனவே இருக்கிறது, கவிஞன் அதைச் சுட்டவேண்டும். எலியட் வீழ்ச்சியின் இறையியலிலிருந்து எழுதுகிறார்: மனிதன் உடைந்தவன், உடைந்தவன் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்தால் சந்தேகப்படவேண்டும். 1930-ல் வந்த 'சாம்பல் புதன்' கவிதையில் வரிகள் பாதியில் தடுமாறி, திரும்ப ஆரம்பித்து, ஜெபத்தின் துண்டுகளாகவே முடியும். அந்தத் தடுமாற்றம் நாகரிகப் பகட்டு அல்ல, மனந்திரும்புதலின் வடிவம். இரண்டும் ஒரே விசுவாசப் பிரமாணத்துக்குள் அடங்கும்.

அந்த மயக்க மருந்து உவமையிலும் லூயிஸ் சறுக்கினார் என்றுதான் சொல்லவேண்டும். அது மாலையைப் பற்றிய வரி இல்லை. மாலையை அப்படிப் பார்க்கிற புரூஃபிராக் என்ற ஆளைப் பற்றியது, செயல்படாமல் கிடக்கிற அவனுடைய மனதைப் பற்றியது. கவிஞன் நீட்டும் விரலைப் பார்க்காதே, காட்டுவதைப் பார் என்று சொன்னவர், எலியட் காட்டிய ஆளை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியகால உருவகக் கவிதையில் அவ்வளவு கரைகண்டவருக்கு இது தெரியாமல் போனது ஆச்சரியம்தான்.

1954 நவம்பரில் கேம்பிரிட்ஜில் புதிய பேராசிரியர் பதவியேற்கும்போது அவர் ஆற்றிய உரை இந்த எதிர்ப்பின் உச்சம். (கும்பகோணம் அரசுக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்பார்கள். அங்கே படித்தவர்கள் தமிழில் நவீனத்துவத்தைக் கொண்டுவந்தார்கள், அசல் கேம்பிரிட்ஜில் ஒருவர் அதை எதிர்த்துப் பதவியேற்றார்.) ஐரோப்பிய வரலாற்றின் மிகப் பெரிய பிளவு ரோம் வீழ்ந்ததும் அல்ல, மறுமலர்ச்சியும் அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் காலத்துக்கும் நமக்கும் நடுவில் விழுந்ததுதான் என்றார். கவிதையிலிருந்து எடுத்த சான்று எலியட்டின் 'எ குக்கிங் எக்' என்ற சின்னக் கவிதை. கவிதையே தொழிலாகக் கொண்ட ஏழு பேர் உட்கார்ந்து அதை விவாதித்தும், அதற்கு என்ன பொருள் என்பதில் அவர்களுக்குள் கொஞ்சமும் உடன்பாடு இல்லை என்று எடுத்துக்காட்டினார். கடைசியில் தன்னை ஒரு டைனோசர் என்று சொல்லிக்கொண்டார், இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1945-ல் நண்பர் சார்லஸ் வில்லியம்ஸ் இருவரையும் சந்திக்க வைத்தபோது அது சரிப்பட்டு வரவில்லை. சங்கீதப் புத்தகத்தைத் திருத்த ஆங்கிலிகன் சபை அமைத்த குழு 1959-ல் கூடத் தொடங்கியபோது இருவரும் அதில் இருந்தார்கள். கவர்டேல் பதினாறாம் நூற்றாண்டில் மொழிபெயர்த்த சங்கீதங்களில் பிழையையும் மயக்கத்தையும் மட்டும் நீக்கி, அதன் சாயல் கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரே மேசையில் பழைய வரிகளைப் பழுது பார்த்தபோது இருவரும் நண்பர்களானார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலையில் லூயிஸின் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். அப்போது வீட்டில் கிடந்த நோட்டுகளில் அவர் கிறுக்கியவை 1961-ல் 'துயரத்தைக் கவனித்தல்' என்ற நூலாக, மீண்டும் புனைபெயரில், எலியட் இயக்குநராக இருந்த ஃபேபர் பதிப்பகத்திலேயே வந்தன. துண்டு துண்டான பத்திகள். நேற்று எழுதியதை இன்று மறுக்கிறார், கடவுள் கதவைச் சாத்தித் தாழிடுகிறார் என்கிறார், அப்புறம் அதையும் சந்தேகிக்கிறார். உலகத்துக்கும் தனக்கும் நடுவே ஏதோ ஒரு போர்வை விழுந்து கிடக்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதுகிறார். எலியட் வகைப் பார்வையிலிருந்து இது எவ்வளவு தூரம்? விசுவாசம் மாறவில்லை, வடிவம்தான் உடைந்தது. அவருடைய எல்லா நூல்களிலும் இதுதான் பலருக்கு உண்மையாகப் படுகிறது என்றால் அது தற்செயல் இல்லை.

இனி நம் பக்கம். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர், 1726-ல் 'தேம்பாவணி'யை 3,615 பாடல்களில் முடித்தார். சூசையப்பர் கதைக்கு அவர் புது வடிவம் தேடவில்லை. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தமிழ்க் காப்பிய இலக்கணப்படியே போனார். யூதேயாவை வருணிக்கும் இடத்தில் மருதநிலம் விரிகிறது, நெல் விளைகிறது. லூயிஸ் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அதைவிட நெருக்கமான உதாரணம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). லுத்தரன் போதகர் சுவார்ட்சிடம் வளர்ந்தவர், தரங்கம்பாடியில் படித்தவர், சரபோஜி மன்னருக்கு இளமைத் தோழர். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் தலைவன் இயேசு உலா வருகிறார், தேவமோகினி மையல் கொள்கிறாள், குறத்தி வந்து குறி சொல்கிறாள், சிங்கன் வலை விரிக்கிறான். சட்டகம் அச்சு அசல் குற்றாலக் குறவஞ்சி. ஆனால் நடுவில் கோப்பர்னிக்கஸின் வானியல் வருகிறது, சூரியனைப் பூமி சுற்றுகிறது. தமிழுக்கு அன்றைக்கு அது சுடச்சுடப் புது அறிவு. பழைய பாத்திரத்தில் புது அறிவை ஊற்றுவதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

1820-களில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவருக்கு முட்டிக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீஷியஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தை மாற்றுகிறார்கள், தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆராதனையிலிருந்து தள்ளுகிறார்கள், பண்டிகையில் பூ கூடாதென்கிறார்கள் என்று எதிர்த்து எழுதினார். இதுவரை லூயிஸ் கட்சிதான். ஆனால் அதே எதிர்ப்பில் இன்னொரு குறையும் உண்டு: திருவிருந்தில் சாதி பார்க்காமல் உட்கார வைக்கிறார்கள் என்பது. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபையில் ஒரு பகுதி விலகிப் போனது. பாட்டைக் காப்பாற்றிய அதே கை பந்தி வரிசையையும் காப்பாற்றப் பார்த்தது. வழிவழியாக வந்த வடிவம் மனதை நிமிர்த்தும் என்று லூயிஸ் சொன்னபோது, அந்த வடிவத்தோடு ஒட்டிக்கொண்டு வேறென்ன வருகிறது என்று அவர் கேட்கவில்லை. நம் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் மரபைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

இன்னொரு பக்கம் கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தி. 1934-ல் 'மணிக்கொடி'யில் வந்த 'காதல்' கவிதையோடு புதுக்கவிதையின் கணக்கைத் தொடங்குவது வழக்கம். வால்ட் விட்மனைப் படித்து யாப்பைக் கழற்றியவர், பின்னால் கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தார். ஆன்மிகத் தேடல் அவர் எழுத்தில் கடைசிவரை விடவில்லை. வடிவத்தை உடைத்தவன் நம்பிக்கையையும் உடைத்தவன் என்ற சமன்பாடு அவரிடம் செல்லாது. தமிழில் புதுக்கவிதையை எதிர்த்த பண்டிதர்களின் புகாரும் யாப்பைப் பற்றித்தான் இருந்தது, கடவுளைப் பற்றி இல்லை.

லூயிஸின் மைய வாதம், அதாவது பாட்டின் மூலம் பாடுகிறவன் அல்ல என்பது, இங்கே ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. சீர்காழிச் சம்பந்தர் 'எனதுரை தனதுரையாக' என்று இலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு சொல்கிறார். என் வாயில் வருவது அவன் பேச்சு என்று. 1939 கட்டுரைக்கு இதைவிடச் சுருக்கமான சாரம் கிடையாது. ஆனால் இதே சம்பந்தர்தான் தேவாரத்தில் வடிவத்தோடு அதிகம் விளையாடியவர். ஒரே அடியை நான்கு முறை வைத்து நான்கு பொருள் தரும் ஏகபாதம், எண்களை ஏற்றி இறக்கும் எழுகூற்றிருக்கை, முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்று. 'யாமாமா நீயாமாமா யாழீகாமா காணாகா' என்ற வரியை உரையில்லாமல் யாரும் பொருள் கண்டுவிட முடியாது, உரை வைத்துக்கொண்டும் கொஞ்சம் சிரமம்தான். ஏழு பேர் கூடியும் ஒரு கவிதைக்குப் பொருள் உடன்படவில்லை என்பதை லூயிஸ் கேம்பிரிட்ஜில் பெரிய குற்றச்சாட்டாக வைத்தார். சீர்காழிக் கோயிலில் அந்தக் காரணத்தைச் சொல்லி மாலைமாற்றை யாரும் தேவாரத்திலிருந்து எடுக்கவில்லை.